கடலுக்கு அஞ்சிய நாடும் கப்பல் கட்டும் படிப்பும்

(மணிமங்கலம் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கப்பல் கட்டும் படிப்பைப் பற்றி இங்கு பேச வேண்டுமென்று கூட்டத்தைக் கூட்டிய தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். "மணிமங்கலத்தில் ஏரிதானே இருக்கிறது, கப்பலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்தக் கேள்விக்கு உங்கள் ஊரைச் சுற்றி நடக்கிற காரியங்களே பதில் சொல்லுகின்றன என்பதைத்தான் முதலில் எடுத்துக்காட்ட ஆசைப்படுகிறேன்.

முன்பு நெல் விளைந்த நிலங்களில் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கம்பெனி 1998-இல் கார் செய்ய ஆரம்பித்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இல் வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. நம் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறி மூன்று ஷிப்டும் போய் வருகிறார்கள். அவர்கள் கைபட்டு உருவான கார்களில் ஒரு பங்கு சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்துக்கும் போய்க் கப்பலேறுகிறது. கார்கள் தாமே உருண்டு உள்ளே போய் அடுக்கடுக்காக நிற்கும்படி, பல மாடிக் கட்டிடம் போல் கட்டப்பட்ட கப்பல்கள் அதற்கென்றே வருகின்றன.

கார் இங்கே செய்யப்பட்டது. அதை ஏற்றிப் போகிற கப்பல் எங்கே செய்யப்பட்டது? உலகத்தில் கட்டப்படும் கப்பல்களின் மொத்த அளவில் 100-க்கு 90 பங்குக்கு மேல் சீனா, கொரியா, ஜப்பான் ஆகிய 3 நாடுகளில்தான் கட்டப்படுகிறது. இந்தியாவின் பங்கு 100-க்கு 1 கூட இல்லை. மூன்று புறமும் கடல் சூழ்ந்த நாடு என்று பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிறோம். அந்தக் கடலின் மேல் நம் சரக்கு நம்மவர் கட்டிய கப்பலில் போகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதுதான் பதில்.

கொரியாக்காரன் பிறவியிலே கப்பல்காரனா?

"அதெல்லாம் அந்த நாட்டுக்காரர்களுக்குப் பரம்பரையாக வந்த வித்தை" என்று சிலர் சொல்லுவார்கள். தோழர்களே, பரம்பரை என்ற வார்த்தையைக் கேட்டாலே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டைக் கார் ஆலையின் வாசலில் இருக்கிற அதே ஹூண்டாய்ப் பெயரில் கொரியாவின் உல்சான் நகரத்தில் ஒரு கப்பல் தளம் இருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய தளங்களில் அது ஒன்று. இன்று கார்க் கம்பெனியும் கப்பல் கம்பெனியும் தனித்தனிக் குழுமங்கள், ஆரம்பித்தவர் ஒருவரே. அவர் சுங் ஜூ யுங் என்ற ஏழைக் குடியானவரின் மகன். 1970-களின் ஆரம்பத்தில் அவர் கப்பல் தளம் கட்டக் கடன் கேட்டு லண்டனுக்குப் போனபோது, அவரிடம் இருந்தது மீப்போ என்ற கடற்கரையின் மணலைக் காட்டும் ஒரு புகைப்படம்தான் என்று சொல்லுகிறார்கள். 1972-இல் வேலை தொடங்கிற்று. தளம் ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம் என்று இரண்டையும் ஒரே காலத்தில் கட்டினார்கள். 1974-இல் ஏறக்குறைய 2,60,000 டன் சரக்கு தாங்கும் எண்ணெய்க் கப்பல்கள் தயாராகி நின்றன. அதற்கு முன் அவ்வளவு பெரிய கப்பலைக் கொரியாவில் யாரும் கட்டியதில்லை.

இது எப்படி முடிந்தது? ஸ்காட்லாந்துக் கப்பல் தளத்திலிருந்து வரைபடம் வாங்கினார்கள். தங்கள் ஆட்களை அங்கே அனுப்பிக் கற்றுவரச் செய்தார்கள். கற்றவர்கள் திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பரம்பரை அங்கே வேலை செய்யவில்லை, படிப்புதான் வேலை செய்தது.

கல்வெட்டில் இல்லாத பெயர்

நிற்க, நமக்குக் கப்பலே தெரியாதா என்றால், அப்படியும் இல்லை. உங்கள் மணிமங்கலமே அதற்குச் சாட்சி. ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் நரசிம்மவர்மன், சாளுக்கியன் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் மணிமங்கலமும் ஒன்று என்று கூரம் செப்பேடு சொல்லுகிறது. அதே நரசிம்மவர்மன், மானவர்மன் என்ற இலங்கை அரசகுமாரனுக்காக இரண்டு தடவை கடல் கடந்து படை அனுப்பினான் என்று இலங்கையின் மகாவம்ச வரலாறு கூறுகிறது. பிறகு சோழர் காலம். 1025-இல் ராஜேந்திரன் கடாரம் வரைக்கும் கடற்படை கொண்டுபோனான். இந்த ஊர் ராஜகோபாலப் பெருமாள் கோவில் சுவர்களிலேயே சோழ அரசர்களுடைய வெற்றிகளைப் பற்றிய கல்வெட்டுகள் இருக்கின்றன.

அந்தச் சுவர்களில் அரசன் பெயர் இருக்கிறது, அவன் பட்டப் பெயர்கள் இருக்கின்றன, யாருக்கு எவ்வளவு தானம் என்பதும் இருக்கிறது. அந்தப் படையைச் சுமந்த கப்பலைக் கட்டியவன் பெயர் எங்கே இருக்கிறது? அதன் நீளம் என்ன, அகலம் என்ன, எத்தனை பாய், எவ்வளவு பாரம் என்ற கணக்கு எங்கே? சோழர் கப்பலின் வரைபடம் ஒன்றுகூட நம் கையில் இல்லை. கடாரம் கொண்டான் என்று இன்றைக்கும் மார் தட்டுகிறோம். கொண்டுபோன கப்பலைப் பற்றிக் கேட்டால் வாயடைத்துப் போகிறோம்.

இதற்குக் காரணம் என்ன? கடலில் போனவனும் கப்பலைக் கட்டியவனும் ஒரு பக்கம்; ஏடும் எழுத்தாணியும் வைத்திருந்தவன் இன்னொரு பக்கம். கடலில் உழைத்த பெரும்பாலானவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை. எழுத்தைக் கட்டிக் காத்தவர்களுக்கோ கடல் ஆகாது. பவுதாயன தர்ம சூத்திரம், கடற்பிரயாணத்தை ஜாதி இழக்கும்படியான குற்றங்களின் வரிசையில் வைத்திருக்கிறது. பாற்கடல், தயிர்க்கடல், நெய்க்கடல் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஏழு கடல்களை எண்ணிச் சொன்ன பண்டிதர்களுக்கு, கண்ணெதிரே இருந்த உப்புக் கடலை அளந்து எழுதத் தோன்றவில்லை. அந்தக் கடலில் நித்தம் போய்வந்தவனுடைய அறிவு அவன் கையிலும் கண்ணிலும் இருந்து, அவனோடேயே மண்ணுக்குள் போய்விட்டது.

எழுதி வைத்த சிலவும் உண்டு. கப்பல் சாஸ்திரம் என்று ஓலைச் சுவடிகள் இருக்கின்றன. அவற்றில் அளவுக் கணக்கும் உண்டு. கூடவே கப்பலின் அடிமரமாகிய ஏராவை வைக்க நல்ல நாள் எது, மரத்தில் கணு எந்த இடத்தில் இருந்தால் முதலாளிக்கு என்ன பலன் என்பதும் கலந்திருக்கிறது. தச்சனுடைய அனுபவத்தோடு ஜோசியனுடைய சரக்கையும் சேர்த்துக் கட்டிவிட்டால், எது தாங்கும் எது தாங்காது என்று பின்னால் வருகிறவனுக்கு எப்படித் தெரியும்?

"கடவுளுக்குத்தான் தெரியும்"

இந்தக் குற்றம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தம் என்று நான் சொல்ல வரவில்லை. அய்ரோப்பாவிலும் இருந்தது. சுவீடன் தேசத்து அரசன் 64 பீரங்கிகளோடு வாசா என்ற போர்க்கப்பலைக் கட்டச் செய்தான். துறைமுகத்தில் நிற்கும்போதே 30 ஆட்களை மேல்தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு பயந்து சோதனையை நிறுத்திவிட்டார்கள், கப்பலை நிறுத்தவில்லை. ஏனென்றால் அரசன் அவசரப்பட்டான். 1628 ஆகஸ்ட் 10-ந்தேதி ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் பாய் விரித்தது. ஏறக்குறைய 1,300 மீட்டர் போவதற்குள் ஒரு காற்று அடித்தது, சாய்ந்தது, பீரங்கி வாசல்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது, மூழ்கிவிட்டது. சுமார் 30 பேர் மாண்டார்கள்.

விசாரணை நடந்தது. கப்பல் ஏன் கவிழ்ந்தது, யார் பொறுப்பாளி என்று கேட்டபோது, "கடவுளுக்குத்தான் தெரியும்" என்று ஒருவர் பதில் சொன்னார். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. காரியமும் அதோடு முடிந்தது.

கடவுளுக்கு மாத்திரம் தெரிந்திருந்ததாகச் சொல்லப்பட்ட அந்த விஷயத்தை 118 வருஷங்களுக்குப் பிறகு ஒரு மனிதன் கணக்காக எழுதி வெளியிட்டான். பியர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர் 1746-இல் கப்பலைப் பற்றி எழுதிய புத்தகத்தில், கப்பல் கவிழுமா நிமிருமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே சொல்லும் வழியைக் காட்டினார். இவர் யார்? கடற்கரை ஊர் ஒன்றில் மாலுமிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியாரின் மகன். கடலும் எழுத்தும் ஒரே வீட்டில் சேர்ந்த இடத்தில் அந்த அறிவு பிறந்தது. நம் நாட்டில் இரண்டையும் சேரவிடாமல் சுவர் வைத்தார்கள். இதுதான் வித்தியாசம்.

அவர் சொன்னதை வைக்கோல் வண்டியை வைத்து விளக்குகிறேன். வைக்கோலை உயரமாக ஏற்றிய வண்டி ஏரிக்கரை மேட்டில் ஒரு சக்கரம் ஏறினால் குடை சாய்கிறது. அதே எடைக்கு நெல் மூட்டையைத் தாழ்வாக ஏற்றினால் சாய்வதில்லை. பாரம் மேலே போகப் போக ஆபத்து என்பது வண்டிக்காரனுக்குத் தெரியும். கப்பலில் இன்னொரு விஷயமும் சேருகிறது. கப்பல் தன் எடைக்குச் சமமான எடையுள்ள தண்ணீரை விலக்கி மிதக்கிறது. அந்தத் தண்ணீர் கப்பலை மேல்நோக்கித் தள்ளுகிறது. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது, முழுகிய பாகத்தின் வடிவம் மாறுவதால், தண்ணீர் தள்ளுகிற இடமும் சாய்ந்த பக்கமாக நகருகிறது. அந்தத் தள்ளுதலின் கோடு கப்பலின் நடுக்கோட்டைச் சந்திக்கிற புள்ளிக்கு மெட்டாசென்டர் என்று பெயர். கப்பலின் கனமையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் கப்பல் தானே நிமிரும். மேலே இருந்தால் கவிழும். நாளும் பார்க்க வேண்டாம், நட்சத்திரமும் பார்க்க வேண்டாம். கூட்டல் பெருக்கல் போதும். வாசா எந்தச் சுபதினத்தில் புறப்பட்டிருந்தாலும் பெருங்காற்று அடித்தால் கவிழ்ந்துதான் இருக்கும்.

வாடகைக் கப்பலும் விலைக் கப்பலும்

இனி நம் நாட்டு அனுபவத்தைப் பாருங்கள். வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். முதலில் வாடகைக் கப்பல் வைத்து ஓட்டினார். எதிரியாக இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கவே, வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். பிறகு அலைந்து பணம் திரட்டிக் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை அய்ரோப்பாவிலிருந்து விலைக்கு வாங்கி வந்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; இலவசமாகவும் ஏற்றிக்கொண்டது. 1908-இல் அரசாங்கம் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டுச் செக்கிழுக்க வைத்தது. 1911-இல் கம்பெனி கலைந்தது. காலியா கப்பல் எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது.

அடக்குமுறையும் பணபலமும் அவரை வீழ்த்தின என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. வாடகைக் கப்பலை உடையவன் பிடுங்கிக்கொள்ளலாம். விலைக் கப்பல் கடனில் போய்விடலாம். கட்டத் தெரிந்த கையையும் கணக்குத் தெரிந்த மூளையையும் ஒருவனும் ஏலம் போட முடியாது. வ.உ.சி.யின் தியாகத்துக்குக் குறைவில்லை; அவர் பின்னால் நிற்க வேண்டிய கப்பல் இஞ்சினியர்கள் நாட்டில் இல்லை.

அதற்குப் பின்பும் நம் மக்கள் ஆயிரக்கணக்கில் மலாயாவுக்குக் கப்பலேறினார்கள். எந்தக் கப்பலில்? அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ரஜூலா போன்ற கப்பல்களில். கூலிக்குப் போனவன் தமிழன். கப்பலைக் கட்டிச் சம்பளமும் லாபமும் கண்டது கிளாஸ்கோ.

மாறுதல் பிறகுதான் வந்தது. அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினத்தில் 1941-இல் வால்சந்த் ஹீராசந்த் ஒரு கப்பல் தளத்துக்கு அடிக்கல் நாட்டச் செய்தார். அங்கு கட்டிய ஜல உஷா என்ற கப்பல் 1948-இல் தண்ணீரில் இறங்கியது. 1972-இல் கொச்சிக் கப்பல் தளக் கம்பெனி ஏற்பட்டது. அந்தக் கொச்சியில் கட்டிய விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 2022 செப்டம்பர் 2-ந்தேதி கடற்படையில் சேர்ந்தது. அதன் நீளம் 262 மீட்டர். அதற்கு வேண்டிய விசேஷ எஃகு வெளிநாட்டிலிருந்து கிடைக்காமல் போகவே, இந்நாட்டு விஞ்ஞானிகளும் எஃகு ஆலைகளும் சேர்ந்து அதை இங்கேயே செய்தார்கள். எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இருக்கிற எல் அண்டு டி தளத்தில் கடலோரக் காவல் படைக்கு 7 ரோந்துக் கப்பல்கள் கட்டப்பட்டு, 2018 முதல் 2021-க்குள் படையில் சேர்ந்தன. ஆகவே நம்மால் முடியாது என்ற பேச்சு இனிச் செல்லாது.

இந்தப் படிப்பு என்ன படிப்பு?

இதில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கப்பல் படிப்பு என்றால் கப்பலில் வேலைக்குப் போகிற படிப்பு என்றே பலர் எண்ணுகிறார்கள். கப்பலை ஓட்டுகிறவர் ஒருவர். ஓடுகிற கப்பலின் யந்திரத்தைப் பார்த்துக்கொள்ளுகிற மரைன் இஞ்சினியர் இன்னொருவர். இவர்கள் மாதக்கணக்கில் கடலில் இருக்கிறவர்கள். நான் சொல்லுகிற கப்பல் வடிவமைப்பு இஞ்சினியர் மூன்றாமவர். கப்பலின் உருவத்தை வரைந்து, அது மிதக்குமா, நிமிருமா, எவ்வளவு எண்ணெய் குடிக்கும், அலை மோதினால் தகடு தாங்குமா என்று கணக்கிட்டு, கட்டும்போது கூட நின்று பார்க்கிறவர். இவருக்கு வேலை பெரும்பாலும் கரையில்தான்.

கப்பல் கட்டும் முறையைக் கேட்டால் உங்கள் பிள்ளைகளுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து, பெரிய பெரிய துண்டங்களாகத் தனித்தனியே செய்கிறார்கள். குழாயும் மின்கம்பியும் அதிலேயே பொருத்தி, பிறகு கிரேனால் தூக்கி ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். ஒரகடத்து ஆலைகளில் நடக்கிற தகடு வேலை, வெல்டிங், பெயிண்ட், குழாய், மின்சாரம், தரச் சோதனை எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனால் கார் ஒரே மாதிரி லட்சம் செய்யப்படுகிறது. கப்பலோ பெரும்பாலும் ஒவ்வொன்றும் புதுக்கணக்கு. ஆதலால் அங்கே யோசிக்கிறவனுக்கு வேலை அதிகம்.

கட்டுவதற்கு முன் சிறு மாதிரி செய்து நீளமான தண்ணீர்த் தொட்டியில் இழுத்துப் பார்க்கிறார்கள். வில்லியம் புரூட் என்ற ஆங்கிலேயர் 1870-களில் இந்த முறையை நிலைநாட்டினார். சிறு மாதிரி படுகிற பாட்டிலிருந்து பெரிய கப்பல் படப்போகிற பாட்டைக் கணக்கிட அவர் வழி கண்டார். அப்படிப்பட்ட தொட்டி உங்களுக்கு வெகுதூரமில்லாத கிண்டி அய்.அய்.டி.யிலேயே இருக்கிறது, தையூரில் உள்ள அதன் இன்னொரு வளாகத்தில் செயற்கை அலை எழுப்பும் பெரிய குளமே கட்டியிருக்கிறார்கள். 1993-இல் ஏற்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. அங்கேதான் 3 பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோவதற்கான மத்ஸ்யா என்ற நீர்மூழ்கி உருவாகிறது. மனிதர் உட்காருகிற டைட்டானியம் உருண்டையின் குறுக்களவு 2.1 மீட்டர்தான். அந்த ஆழத்தில் நாம் இங்கே தாங்குகிற காற்றழுத்தத்தைப்போல 600 மடங்கு அழுத்தும். பாதாள லோகத்தைப் பற்றிக் கதை கேட்ட நாட்டில், பாதாளத்துக்குப் போகிற வண்டியை உங்கள் பக்கத்து ஊரில் செய்கிறார்கள்.

எங்கே சேருவது?

பிளஸ் டூவில் கணக்கு, பௌதிகம், ரசாயனம் எடுத்திருக்க வேண்டும். கரக்பூர் அய்.அய்.டி.யிலும் சென்னை அய்.அய்.டி.யிலும் இந்தப் படிப்பு உண்டு, அதற்கு ஜே.இ.இ. பரீட்சைகளில் தேற வேண்டும். 2008-இல் சட்டத்தால் ஏற்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையில் இருக்கிறது. அதன் விசாகப்பட்டினம் வளாகத்தில் கப்பல் வடிவமைப்புப் பி.டெக். நடக்கிறது, அதற்குத் தனி நுழைவுப் பரீட்சை. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. அதற்கும் தனிப் பரீட்சை. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அய்.டி.அய். படித்தவர்களையும் டிப்ளமோ படித்தவர்களையும் கப்பல் தளங்கள் பயிற்சியாளராக எடுத்துக்கொள்ளுகின்றன.

பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். அய்.அய்.டி.களில் ஷெட்யூல்டு ஜாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை; குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் குறைந்தால் யாருக்கும் இல்லை; 5 லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. அரசுப் பள்ளியில் படித்து இப்படிப்பட்ட உயர்ந்த நிலையங்களில் சேருகிறவர்களின் பட்டப்படிப்புச் செலவைத் தானே ஏற்பதாகத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2022-இல் அறிவித்தது. கேட்டு வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாதீர்கள். அது பிச்சையல்ல, நம் வரிப்பணம்.

படித்தால் என்ன வேலை? கப்பல் தளத்தில் வேலை. வரைபட அலுவலகத்தில் வேலை. கடற்படையில் கப்பல் கட்டும் பிரிவில் அதிகாரி. கப்பல் விதிப்படி கட்டப்பட்டதா என்று சோதித்துச் சான்று கொடுக்கிற சங்கங்களில் சர்வேயர். இந்தியாவுக்கென்று அப்படிப்பட்ட சங்கம் 1975-இல் ஏற்பட்டது.

கசப்பையும் கேளுங்கள்

நல்லதை மாத்திரம் சொல்லிவிட்டுப் போவது புராணிகன் வேலை. ஆகவே கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்புக்கு இடங்கள் குறைவு. ஆரம்பச் சம்பளம் கம்ப்யூட்டர் வேலையை விடக் குறைவாக இருக்கலாம். தளம் வெயிலும் புகையும் உள்ள இடம். தவிரவும், கப்பல் தொழில் ஏற்றமும் இறக்கமும் உடையது. 2008-இல் உலக வியாபாரம் சரிந்த பிறகு இந்நாட்டுத் தனியார் தளங்கள் சில கடனில் மூழ்கிப் போயின. இந்தக் காரணத்தால்தான் கப்பல் படித்தவர்களில் பலர் வேறு தொழிலுக்குப் போகிறார்கள்.

இப்போது மறுபடியும் பெரிய பேச்சு நடக்கிறது. 2025 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை கப்பல் தொழிலுக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தது. அதே மாதத்தில் கொச்சித் தளமும் மும்பை மசகான் தளமும் தூத்துக்குடியில் கப்பல் தளம் அமைக்க ஆளுக்கு 15,000 கோடி என்று ஒப்பந்தக் குறிப்பில் கையெழுத்திட்டன. சந்தோஷம். ஆனால் கையெழுத்துக் காகிதத்தை மடித்தால் பிள்ளைகள் விளையாடுகிற கப்பல்தான் ஆகும். இரும்புக் கப்பல் ஆகாது. அது ஆகுமா ஆகாதா என்பது அரசாங்கத்தின் வாக்கை மாத்திரம் பொறுத்ததல்ல. தளம் திறக்கிற அன்றைக்கு வரைபடம் போடத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் தயாராக இருப்பார்கள் என்பதையும் பொறுத்தது. இல்லாவிட்டால் தளம் தூத்துக்குடியில் இருக்கும். மூளை வெளியிலிருந்து வரும். நமக்குக் காவற்காரன் வேலையும் காண்டிராக்ட் கூலியும் மிஞ்சும். அதை நீங்கள் இந்த வட்டாரத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று லட்சக்கணக்கில் முன்பணம் கேட்கிற தரகர்கள் கிராமங்களில் உலவுகிறார்கள். நகையை விற்று அவர்களிடம் கொடுத்து ஏமாந்த குடும்பங்கள் உண்டு. பரீட்சை இல்லாமல், பட்டியல் இல்லாமல், பணத்துக்குக் கிடைக்கும் உத்தியோகம் எதுவானாலும் அது மோசடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் மக்களுக்குச் சில வார்த்தை. பெண்ணுக்கு எதற்குக் கப்பல் என்று கேட்கிறவர்கள், கம்பெனி பஸ்ஸில் விடியற்காலை ஷிப்டுக்குப் போகிற பெண்களைப் பார்க்கட்டும். அந்த வேலைக்கு அனுப்பத் துணிந்தவர்கள் வரைபடம் போட அனுப்பக் கூடாதா? அய்.அய்.டி.களில் பெண்களுக்கென்று 2018 முதல் கூடுதல் இடங்கள் ஒதுக்குகிறார்கள். கனமையத்தைக் கணக்கிடுவதற்கு ஆண் மூளை, பெண் மூளை என்று இரண்டு இல்லை.

தோழர்களே! சுருக்கமாகச் சொல்லுகிறேன். கையால் வேலை செய்கிறவன் தாழ்ந்தவன், ஏடு பார்க்கிறவன் உயர்ந்தவன் என்று பிரித்து வைத்ததால்தான் நம் கப்பல் அறிவு அழிந்தது. நம் கட்டுமரம் என்ற சொல் இங்கிலீஷ் பாஷையில் ஏறி உலகமெல்லாம் சுற்றுகிறது. இன்று அந்தப் பெயரில் ஓடுகிற வேகக் கப்பல்களின் கணக்கு நம்மிடம் இல்லை. கை, கடல், எழுத்து மூன்றும் ஒரே ஆளிடத்தில் சேருவதற்கு இன்று சட்டமும் சாஸ்திரமும் தடை சொல்ல முடியாது. வெல்டிங் செய்கிற தகப்பனுடைய மகள் அந்தத் தகட்டின் பருமனைக் கணக்கிட்டுச் சொல்லுகிற இஞ்சினியராக வரலாம். அப்படி வருகிறவள் தகப்பனுடைய தொழிலை இழிவாக நினைக்கவும் மாட்டாள். ஏனென்றால், ஒரு வெல்டிங் தவறினால் தன் கணக்கு முழுவதும் தண்ணீருக்குள் போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

நான் சொன்னேன் என்பதற்காக ஒருவரும் இதை ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியரைக் கேளுங்கள். அந்தந்த நிலையத்தின் விதிகளை வரவழைத்துப் படியுங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கண்டு விசாரியுங்கள். பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். இங்கே படிப்பகம் நடத்துகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் சொன்ன பரீட்சைகளின் தேதியையும் கட்டண விவரத்தையும் வருஷந்தோறும் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். பத்தாவது தேறிய பிள்ளை கணக்குப் பாடத்துக்குப் பயந்து வேறு பிரிவுக்குப் போகாதபடி, வாரத்தில் இரண்டு நாள் இராத்திரியில் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒரு வருஷத்தில் ஒரு பிள்ளை போனாலும் போதும். அந்த ஒன்று மற்றவர்களுக்கு வழிகாட்டும்.